தூணுக்கும் கல்லுக்கும் நடுவே

அந்த உணவகத்தின் அழகைச் சொல்லத் தூணின் காலடியிலிருந்துதான் தொடங்கவேண்டும். கொழும்பு 3, அல்பிரட் ஹவுஸ் வீதி, 2ஆம் இலக்கத்தில் இருக்கும் கலரி கஃபேயில் ஓட்டுக் கூரையைத் தாங்குபவை இழைத்து மெருகேற்றிய முழுத் தென்னந்தண்டுகள். அந்தத் தண்டுகள் தரையைத் தொடுவதில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கருங்கல் இருக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், முற்றத்துத் தண்ணீரைப் பார்ப்பார்கள், விலைப்பட்டியலைப் பார்த்துக் கொஞ்சம் மௌனமாவார்கள். எனக்கு அந்தக் கல்லில்தான் கண் நிற்கும்.

கல்லின் வேலை எளியது. மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும் உயரத்துக்கும், தரை கழுவும் தண்ணீர் எட்டும் உயரத்துக்கும் மேலே மரம் தொடங்கவேண்டும். மண்ணின் ஈரம் மரநார் வழியே ஏறாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். இவற்றோடு கறையான் விசயம் ஒன்றும் இருக்கிறது. அதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கறையானால் கருங்கல்லைக் குடைய முடியாது. கல்லைத் தாண்டி மரத்துக்குப் போக ஆசைப்பட்டால், கல்லின் வெளிப்பக்கமாக மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறவேண்டும். காலையில் கூட்ட வருகிறவரின் கண்ணில் அந்த மண்கோடு பட்டுவிடும். தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. மருந்தடித்துக் கொல்ல நினைக்காமல், வருகிறவனை வெளிச்சத்தில் வரவைத்துவிட்டார்கள். ஒரு சாண் கல்லுக்குள் இத்தனை யோசனை.

தூணுக்குத் தென்னையைத் தேர்ந்ததிலும் கணக்கு இருக்கிறது. முதிரை, பாலை போன்ற மரங்களுக்கு வைரம் நடுவே இருக்கும். தென்னைக்கு வெளிச்சுற்றுத்தான் வைரம், உள்ளே வெறும் சோற்றி. பலகையாக அறுத்தால் தரத்துக்குத் தரம் வேறுபட்ட துண்டுகள்தான் கிடைக்கும். முழுத்தண்டாக நிறுத்தினால் அதன் உடம்புக்கு ஏற்ற வேலை கொடுத்தமாதிரி. காய்ப்பு ஓய்ந்த தென்னையை எப்படியும் தறித்துத்தான் அந்த இடத்தில் பிள்ளை வைப்பார்கள். ஆகவே இந்தத் தூணுக்காகக் காட்டில் ஒரு மரமும் விழவேண்டியதில்லை. பனையை வைத்து நம் பக்கத்தில் கைமரமும் சிலாகையும் போட்டவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கொழும்பின் ஒரு வசதியான வீதியில், ஒரு வைத்தியரின் வீட்டுக்கு, நவீனமான வரைபடத்தில் அதை நிறுத்தியதுதான் புதுமை.

வைத்தியர் என்றேன். இந்தக் கட்டடம் 1961இலிருந்து 1963 வரையான காலத்தில் வைத்தியர் பார்தலோமியூஸ் என்பவருக்கு வீடாகக் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. வைத்தியர் அதில் குடியேறவில்லை. பாவா அதைத் தன் நிறுவனமான ‘எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக்’கின் அலுவலகமாக்கிக்கொண்டார். 1967இலிருந்து அவருடைய பங்காளியாக இருந்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் கணக்குப் பார்த்த காலமும் இதுவே. 1982இல் திறந்த கோட்டே பாராளுமன்றம் போன்ற பெரிய வேலைகளும் அந்தக் காலத்தவை. பாவாவின் பெயரை உலகம் சொல்கிறது. அவர் வரைந்த கோட்டைக் கூரையாக நிற்கவைத்த பூலோகசுந்தரத்தின் பெயரைத் தமிழராவது கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம். பிறகு 1998இல் பாரடைஸ் ரோட் நிறுவனத்தின் ஷாந்த் பெர்னாண்டோ அதை உணவகமாக்கினார். பாவா வேலைசெய்த மேசை அங்கேயே இருக்கிறது.

வீடு அலுவலகமாகி, அலுவலகம் உணவகமாகி, ஏறக்குறைய அதே சுவர்களுக்குள் மூன்று பிழைப்புகள் நடந்துவிட்டன. எப்படி முடிந்தது என்று பார்த்தால், ஒடுங்கி நீண்ட காணியில் முற்றம், பந்தல்போன்ற ஒரு கூடம், மறுபடி முற்றம், மறுபடி கூடம் என்று வரிசையாகப் போகிறது அமைப்பு. இது படுக்கையறை, இது வரவேற்பறை என்று எந்தக் கூடமும் பிடிவாதம் பிடிப்பதில்லை. கட்டில் போட்டால் அறை, வரைபடப் பலகை போட்டால் அலுவலகம், மேசை விரிப்புப் போட்டால் உணவகம். நம்முடைய நாற்சார் வீட்டின் விறாந்தையும் இப்படித்தானே? காலையில் நெல் காயும், பகலில் பிள்ளைகள் படிப்பார்கள், இரவில் பாய் விரியும்.

இனிக் கூரை. பாவாவும், 1950களின் கடைசியில் அவரோடு சேர்ந்த டென்மார்க்குக் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும் கையாண்ட ஒரு வித்தை இங்கே தலைக்கு மேலே இருக்கிறது. கீழே அலையலையாக வார்த்த சீமெந்துத் தகடு, அதன்மேல் அரைவட்ட நாட்டோடு. அலையின் பள்ளம் ஓட்டுக்குப் படுக்கையாகிறது. ஆணியோ சாந்தோ அதிகம் வேண்டாம். பழைய முறையில் மல்லாந்த ஓடு ஒரு வரிசை, கவிழ்ந்த ஓடு ஒரு வரிசை என்று இரட்டிப்பாகப் போடவேண்டும். காகம் ஒன்றை நகர்த்தினாலும் குரங்கு ஒன்றைப் புரட்டினாலும் அடுத்த மழைக்கு வீட்டுக்குள் வாளி வைக்கவேண்டும். இங்கே மழையைத் தகடு பார்த்துக்கொள்கிறது, வெயிலை ஓடு பார்த்துக்கொள்கிறது. தகடு மட்டும் போட்ட கூரையின்கீழ் மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டின் அருமை தெரியும். ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பொள்ளலில் காற்று நிற்பதால் சூடு நேரே இறங்குவதில்லை. ஓர் ஓடு உடைந்தால் வீடு ஒழுகாது. ஆறுதலாக ஏணி வைத்து ஏறி மாற்றலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துத் தகடு அஸ்பெஸ்டஸ் கலந்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று ஐயமில்லாத விசயம். பாவாவின் யோசனையை எடுப்பவர்கள் அஸ்பெஸ்டஸ் இல்லாத தகட்டைத்தான் எடுக்கவேண்டும்.

இப்படிக் கட்டியதற்குக் காலமும் ஒரு காரணம். 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் லேசில் இறக்குமதியாகாது. ஆகவே கண்ணாடியை நம்பாத ஒரு கட்டடம் பிறந்தது. யன்னலுக்குப் பதிலாக முற்றம், சுவருக்குப் பதிலாகத் தூண்வரிசை. அறுபது வருசம் கழித்து நாடு மறுபடி அதே இடத்தில் வந்து நின்றதே, அதை மறக்க முடியுமா? 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏசிக்காகக் கண்ணாடி போட்டு அடைத்த சாப்பாட்டுக் கடை, மின்சாரம் போன பத்தாவது நிமிடத்தில் போறணைதான். ஒரு சாதாரண சீலிங் ஃபானுக்குச் சுமார் 70 வாட் போதும். சிறிய அறைக்குப் போடும் ஏசி ஒன்றே ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும். வெயில் நேரே விழாத, காற்று ஓடும் இடமாக இருந்தால் அந்த ஃபான் காற்றிலேயே மூன்று பாகை குறைந்தமாதிரி உடம்பு உணரும்.

கொழும்பு உணவகம் ஒன்றைப் பற்றித் திருகோணமலைக்காரன் எதற்கு இவ்வளவு நீட்டுகிறான் என்று கேட்கலாம். எங்கள் உட்துறைமுக வீதிக்காகத்தான். மறித்துக் கட்டாமலே கடல் உள்ளே வந்து தங்கியிருக்கும் இந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி, ஓட்டுக்கூரையும் விறாந்தையுமாகச் சில பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றைச் செப்பனிட்டுத்தான் ‘டச் பேங்க் கஃபே’யை ஆக்கினார்கள். ஒல்லாந்தர் 1795இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். அவர்கள் காலத்து விறாந்தைப் பழக்கம் மட்டும் போகவில்லை. பழைய கட்டடத்தில் ஓர் உணவகம் வருகிறதென்றால் அதில் முதலாவது சிக்கனம், புதிதாக ஒன்றைக் கட்டாமல் விட்டது. உலகத்தில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 வீதம் சீமெந்துத் தொழிலிலிருந்து வருகிறது. இடித்துவிட்டுக் கட்டி, மேலே சூரியத்தகடு நாலு வைத்துப் ‘பசுமை உணவகம்’ என்று பலகை மாட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தொடங்குவதே பாதியிலிருந்து.

ஆனாலும் கொழும்பை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது. எங்கள் வெயில் வேறு, காற்று வேறு.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. யூன் மாத உச்சியில் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து வடக்கே 15 பாகை சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே 32 பாகை. ஆகவே தெற்குச் சுவருக்கு ஒரு மீற்றர் இறவாரம் விட்டால், டிசம்பர் நண்பகலில்கூட அது சுவரில் ஒன்றரை மீற்றருக்கு மேல் நிழல் தரும். வடக்குச் சுவருக்கோ யூன் நண்பகலில் மூன்றரை மீற்றருக்கும் மேல். இவ்வளவு மலிவான குளிரூட்டி வேறில்லை. மேற்குத்தான் சிக்கல். துறைமுகம் ஊருக்கு மேற்கே கிடக்கிறது. தண்ணீரைப் பார்க்க ஆசைப்படும் கட்டடம் பின்னேர வெயிலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நாலு மணி வெயிலுக்கு ஒரு மீற்றர் இறவாரம் முக்கால் மீற்றர் நிழல்கூடத் தராது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் வேறு கண்ணைக் கூசவைக்கும். ஒல்லாந்தர் கால வீட்டின் ஆழமான முன்விறாந்தையின் நயம் இங்கேதான் விளங்கும். வெயில் உள்ளே வரத்தான் செய்கிறது, ஆனால் விறாந்தைத் தரையோடு களைத்துவிடுகிறது. உள்ளறைச் சுவர் சூடேறுவதில்லை. அதுவும் போதாத நாளில் தூணுக்குத் தூண் தட்டியை இறக்கிவிட்டு, ஆறு மணிக்குச் சுருட்டிக் கட்டலாம். அசையாத கண்ணாடிச் சுவருக்கு நேரத்துக்கு நேரம் இப்படி மாறத் தெரியாது.

காற்று இன்னும் சுவையான விசயம். ஊர் இரண்டு தண்ணீருக்கு நடுவே இருக்கிறது. பகலில் கிழக்குக் கடலிலிருந்து வருகிற காற்று ஒரு பக்கம். வருசத்தின் நடுமாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் ஒரு பக்கம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி, காய்ந்த நிலத்தைக் கடந்து வருகிற கச்சான் தோலை வறட்டும், உதட்டை வெடிக்கவைக்கும். எல்லோரும் அதைத் திட்டுவார்கள். கட்டடக்காரன் திட்டக்கூடாது. கலரி கஃபேயின் முற்றத்துத் தண்ணீர் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் அது ஆவியாகிச் சூட்டைக் குறைப்பது கொஞ்சம்தான். காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் தண்ணீர் எங்கே போகும்? அதே தொட்டியைத் திருகோணமலையில் கச்சான் வரும் வழியில், நிழலான முற்றத்தில் வைத்துப் பாருங்கள். வறண்ட காற்று தண்ணீரை ஆவலோடு குடிக்கும், குடிக்கக் குடிக்கக் குளிரும். பாவாவின் தொட்டி கொழும்பில் அலங்காரம், இங்கே வைத்தால் உண்மையான வேலைக்காரன். அவருடைய யோசனை அவர் கட்டிய இடத்தைவிட எங்கள் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று சொன்னால் அவரும் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

குசினியை எங்கே வைப்பது என்பதற்கும் இந்தக் காற்றுத்தான் விடை சொல்லவேண்டும். கிழக்கே வைத்தால் கடற்காற்று மீன்பொரியல் புகையை மேசைக்குக் கொண்டுவரும். மேற்கே வைத்தால் கச்சான் கொண்டுவரும். ஆகவே மேசைகளுக்குப் பக்கவாட்டில், தனிக்கூரை போட்டு ஒதுக்கிவிடவேண்டும். நம் பழைய வளவுகளில் குசினி வீட்டோடு ஒட்டாமல் தள்ளியிருந்ததற்கு ஆசாரம் ஒரு காரணம் என்பார்கள். நெருப்பும் புகையும் அதைவிடப் பெரிய காரணம். அந்தக் குசினிக்குக் கிடுகுக் கூரை இருந்தால், நெருக்கிப் பின்னிய ஓலையின் ஊடாகவே புகை மெல்லக் கசிந்து போய்விடும். இன்றைய உணவகத்துக்குக் கிடுகு சரிவராமல் போகலாம். ஆனாலும் முகட்டில் ஒரு வாய் விட்டு, மேலே இன்னொரு சிறு கூரை ஏற்றினால் சூட்டுக்காற்று தானே மேலேறிப் போகும்.

எல்லாவற்றையும்விட எங்கள் ஊரில் பெரிய ஆள் உப்பு. கடற்கரையில் எழுகிற புதிய கட்டடங்கள் பெரும்பாலும் கம்பி கட்டிய கொங்கிறீட். உப்புக்காற்று மயிரிழை வெடிப்புகள் வழியே உள்ளே போய்க் கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடித்தால் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலே பெருகும். பெருகியது சும்மா இருக்குமா, மேலிருக்கும் கொங்கிறீட்டை உதைத்துத் தள்ளும். தூணின் மூலையில் நீளமாக ஒரு கோடு, பிறகு ஒரு துண்டு கழன்று விழும், உள்ளே சிவப்பாகக் கம்பி. அதைத் தனியே கழற்றி மாற்ற வழியில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரிலும் உப்பு ஏறத்தான் செய்கிறது. ஆனால் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு மேலே பூத்து உதிரும், அடுத்த வருசம் வெள்ளையடித்தால் சரி. அந்தச் சுவரின் மேல் ‘பலமாக இருக்கட்டும்’ என்று சீமெந்து பூசிவிடுகிறவர்கள் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறார்கள். சில மழைக்காலத்துக்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும், கூடவே கல்லின் முகமும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று தொடங்கிப் பாழாக்குவது பெரும்பாலும் இந்த ஒரு மூடை சீமெந்தால்தான்.

இப்போது அந்தத் தூணின் காலடிக்கு என் கண் ஏன் போகிறது என்று விளங்கும். கல்லின்மேல் தூண் அமர்ந்திருக்கிறது. தகட்டின்மேல் ஓடு அமர்ந்திருக்கிறது. ஒன்றோடொன்று கரைந்து ஒரே கட்டியாகவில்லை. பழுது வந்தது எதுவோ அதை மட்டும் எடுக்கலாம், பக்கத்தில் இருப்பது பதறாது. பாவா 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வா என்பவருக்குக் கட்டிய கொழும்பு வீட்டுக்கு ஆபத்து வந்தபோது, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூணையும் கல்லையும் ஓடுகளையும் எண்ணிட்டு எடுத்துப்போய், பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி நிறுத்தினார்கள். கொங்கிறீட் மாடி ஒன்றை அப்படிக் கொண்டுபோக முடியுமா? வருங்காலத்தைத் தாங்கும் கட்டடம் என்று எதையாவது சொல்வதானால், கழற்றிப் பூட்டக்கூடிய இந்த மூட்டுகளை வைத்துத்தான் நான் சொல்வேன்.

பாவாவின் கண்டலமாவை விட்டுவிட்டாய் என்று யாராவது கேட்பார்கள். திருகோணமலையிலிருந்து தம்புள்ளைக்குப் போனால் எட்டிவிடலாம். 1994இல் திறந்த ஹோட்டல், குளத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் தூண்களில் நிற்கிறது, மழைத்தண்ணீர் அடியால் ஓடுகிறது, கூரையில் செடி, முகப்பெல்லாம் கொடி. பிரமிக்கவைக்கும் வேலைதான். ஆனால் அது பெரிய கொம்பனியின் பணத்தில், கொங்கிறீட் சட்டகத்தில் எழுந்தது. கொடியை வெட்டிவிட ஓர் ஆள் படையே வேண்டும். பத்து மேசை போட்டு இறால் கறியும் சோறும் விற்க நினைக்கும் ஒருவருக்கு அங்கே படிக்க அதிகமில்லை. அல்பிரட் ஹவுஸ் வீதியில் இருக்கிறது. பாவாவைப் பின்பற்றுகிறோம் என்று கொங்கிறீட் தூணுக்கு மரநிறம் பூசி, அடியில் கருங்கல் படம் போட்ட டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் அதையும் படிக்கவில்லை. அந்த டைல்ஸைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புத்தான் வருகிறது. கறையான் மட்டும் அதை உண்மை என்று நம்பிவிடாது.

உட்துறைமுக வீதியிலும் உவர்மலைப் பக்கத்திலும் பழைய ஓட்டுக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உல்லாசப் பயணிகள் பெருகுகிறார்கள், உணவகம் போட இடம் கேட்டு ஆட்கள் வருவார்கள். வாடகை பேசும்போதே, கூரையைப் பிரித்துத் தகரம் போடுவதில்லை, விறாந்தையைக் கண்ணாடியால் அடைப்பதில்லை, சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசுவதில்லை என்று உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓடு போடவும் சுண்ணாம்பு குழைக்கவும் தெரிந்த மேசன்மார் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது அவர்களுக்கு, வேலை கொடுப்பதானால் இப்போதே கொடுங்கள், பக்கத்தில் ஓர் இளம் பையனையும் நிற்கவையுங்கள்.